மாய்ஸ்சரைசர் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கத் தெரியாமல் நான் இழந்த ஒன்பது மாதங்கள்

முகத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத காலத்தில்தான் நான் மாய்ஸ்சரைசரை மாற்றினேன். ஐந்தாறு ஆண்டுகளாக ஒரே க்ரீமைத்தான் தடவி வந்தேன். மணமில்லாத, வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும், யாரும் பெருமையாகப் பேசாத சாதாரண க்ரீம் அது. ஒரு நாள் இரவு, சருமப் பராமரிப்பில் அறவே தவிர்க்க வேண்டிய பொருட்கள் என்று சிவப்பு எழுத்தில் ஒரு பட்டியல் கைபேசியில் கண்ணில் பட்டது. பாரபென் (க்ரீம் கெட்டுப்போகாமல் காக்கும் ஒரு பதனப்பொருள்), மினரல் ஆயில், ஆல்கஹால் என்று அது நீண்டது. எழுந்து போய் என் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன்; மெத்தில்பாரபென், மினரல் ஆயில், செட்டியரில் ஆல்கஹால் என மூன்றும் அதில் இருந்தன. இத்தனை ஆண்டுகளாக இதையா முகத்தில் பூசிக்கொண்டிருந்தோம் என்று பதறி, பாதிக்கு மேல் மீதமிருந்த டப்பாவைக் குப்பையில் போட்டேன். அடுத்த ஒன்பது மாதங்களில் ஆறு மாய்ஸ்சரைசர்கள் வாங்கினேன். ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அவற்றுக்கே போயிற்று. மருத்துவருக்கும் பரிசோதனைக்கும் கொடுத்தது தனிக் கணக்கு. அப்போது அருகில் யாராவது உட்கார்ந்து டப்பாவின் பின்பக்கத்திலுள்ள பொருட்பட்டியலை எப்படிப் படிப்பது என்று அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திருக்காது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது, முழுக்க முழுக்க இயற்கையானது என்று முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருந்த ஒரு க்ரீம். திறந்தவுடனேயே லாவெண்டர் வாசனை அறையை நிறைத்தது. முதல் மூன்று வாரங்கள் எல்லாம் நன்றாகவே போயின. இதைப் பற்றி இரண்டு தோழிகளிடம் புகழ்ந்துகூடப் பேசினேன். நான்காவது வாரத்தில் தடவியதும் கண்ணிமைகளிலும் மூக்கின் ஓரங்களிலும் லேசாகச் சுருக்கென்றது. க்ரீம் வேலை செய்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தோல் வறண்டு உரியத் தொடங்கியது. வறட்சிக்கு மருந்து மாய்ஸ்சரைசர்தானே என்று இன்னும் தாராளமாக, ஒரு நாளைக்கு மூன்று முறை தடவினேன். இந்த இடத்தில் எனக்குத் தெரியாமல் போன செய்தி ஒன்று உண்டு. ஒவ்வாமை என்பது முதல் நாளிலேயே வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் தோலில் வரும் தொடுகை ஒவ்வாமையில் உடலின் எதிர்ப்பு மண்டலம் அந்தப் பொருளை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்ளவே சில வாரங்கள் பிடிக்கலாம். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய பிறகும் வரும். அதனால், மூன்று வாரம் ஒன்றும் செய்யாத க்ரீம் நான்காவது வாரத்தில் கெடுதல் செய்யாது என்ற கணக்கு தவறு. அந்த நினைவு ஒருமுறை பதிந்துவிட்டால், பிறகு எந்த டப்பாவில் அதே பொருள் வந்தாலும் ஓரிரு நாட்களிலேயே தோல் சிவந்துவிடும்.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவதாக ஹைலுரோனிக் அமிலம் கலந்த ஒரு ஜெல் வாங்கினேன். தடவிய நொடியில் குளிர்ச்சி, பத்து நிமிடத்தில் தோல் இழுத்துக்கட்டியது போல இறுக்கம். மூன்றாவது, 10% நியாசினமைடு (வைட்டமின் பி3இன் ஒரு வடிவம்) என்று பெருமையுடன் எழுதியிருந்த க்ரீம். முகம் அடுப்பருகே நின்றது போலச் சிவந்தது. நான்காவது, மணமற்றது என்று எழுதியிருந்த செராமைடு க்ரீம். ஐந்தாவது, குழந்தைகளுக்கே ஆகும்போது எனக்கு ஆகாதா என்று வாங்கிய குழந்தை லோஷன். ஆறாவது, மற்ற ஐந்தின் விலையைக் கூட்டினாலும் எட்டாத, கனமான கண்ணாடிச் சாடியில் வந்த ஒன்று. விலை அதிகமென்றால் பிரச்சினை தீரும் என்ற நம்பிக்கையில் வாங்கியது. வாங்கிய நான்காவது நாள் இமைகள் வீங்கிக் கண் பாதிதான் திறந்தது. அலுவலகத்தில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் "முகத்துக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் ஆளுக்கொரு க்ரீமின் பெயரைச் சொன்னார்கள். ஒரு கட்டத்தில் காணொளிக் கூட்டங்களில் கேமராவை அணைத்து வைக்கத் தொடங்கினேன். கண்ணாடி பார்க்கவே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது என்று இன்று கேட்கத் தோன்றுகிறது, அன்று தோன்றவில்லை.

தோல் மருத்துவரிடம் போனபோது அவர் முகத்தைப் பார்த்ததைவிட என் பேச்சைத்தான் அதிகம் கவனித்தார். நான் ஒவ்வொரு க்ரீமாகச் சொல்லி முடித்ததும், "இந்த ஆறுலயும் பொதுவா என்ன இருக்குன்னு எழுதிப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. எல்லா டப்பாக்களையும் அடுத்த முறை கொண்டு வரச் சொல்லிவிட்டு, அதுவரை எல்லாவற்றையும் நிறுத்தி, வாசனையற்ற பெட்ரோலியம் ஜெல்லியும், சில நாட்களுக்கு மட்டும் தடவ மிதமான ஸ்டீராய்டு களிம்பு ஒன்றும் எழுதிக் கொடுத்தார். அந்தக் களிம்பை நானாகவே தொடர்ந்து தடவக் கூடாது என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார். முகத்தில் ஸ்டீராய்டை நீண்ட காலம் பூசினால் தோல் மெலிந்துபோவதும், நிறுத்தியதும் சிவப்பு முன்னைவிட மோசமாகத் திரும்புவதும் உண்டு என்பதால்.

அன்று இரவு ஆறு டப்பாக்களையும் தரையில் வரிசையாக வைத்துக்கொண்டு ஒரு நோட்டுடன் உட்கார்ந்தேன். முதல் தடை அங்கேயே வந்தது. இரண்டு டப்பாக்களில் பொருட்பட்டியலே இல்லை. அது வெளி அட்டைப்பெட்டியில் இருந்திருக்கிறது, பெட்டிகளை நான் பிரித்த அன்றே எறிந்திருந்தேன். அவற்றின் பட்டியலைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. இன்னொன்றில் வெள்ளி நிறத்தின்மேல் வெளிர் சாம்பல் எழுத்து, அரிசியைவிடச் சிறியது; கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். அதனால் புதிதாக எதை வாங்கினாலும், பெட்டியை எறியும் முன் பின்பக்கத்தைப் படமெடுத்து, தேதியுடன் சேமித்து வைத்துவிடுங்கள். ஒவ்வாமை வந்தால் மருத்துவர் கேட்கும் முதல் ஆவணம் அதுதான்.

அந்தப் பட்டியலைப் படிப்பதற்கு ஒரே ஒரு விதி தெரிந்தால் பாதி விளங்கிவிடும். பெரும்பாலான நாடுகளில், 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருட்களை எடை குறையும் வரிசையில்தான் அச்சிட வேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று எந்த டப்பாவும் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. பினாக்ஸியெத்தனால் என்ற பதனப்பொருள் பல க்ரீம்களில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அதை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க முடியாது. ஆகவே பட்டியலில் அந்தப் பெயருக்குப் பின்னால் வருபவை எல்லாம் 1 சதவீதமோ அதற்கும் குறைவோதான் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். கார்போமர், சாந்தன் கம் போன்ற கெட்டிப்படுத்திகளும் வழக்கமாக அந்த எல்லைக்கு அருகிலேயே நிற்கும். இந்தக் கோட்டை என் கண்ணாடிச் சாடியின் பட்டியலில் போட்டுப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. முன்பக்கத்தில் தங்க எழுத்தில் இருந்த மூன்று அரிய தாவரச் சாறுகளும் பினாக்ஸியெத்தனாலுக்கு வெகு கீழே, வாசனைப் பொருளுக்கும் பின்னால் இருந்தன. மேலே இருந்தவை நீர், கிளிசரின், டைமெத்திகோன், செட்டியரில் ஆல்கஹால். நான் குப்பையில் போட்ட பழைய க்ரீமின் பட்டியலும் தளத்தில் கிடைத்தது. முதல் ஐந்து பொருட்களில் மூன்று இரண்டுக்கும் பொது.

ஆனால் கீழே இருப்பதால் ஒன்று அற்பம் என்று ஆகிவிடாது என்பதையும் அதே இரவுதான் கற்றுக்கொண்டேன். பயன் தருவதற்குப் பெரும்பாலான பொருட்களுக்கு ஓரளவு அடர்த்தி வேண்டும்; ஒவ்வாமையைக் கிளப்புவதற்கு அவ்வளவு வேண்டியதில்லை. நோட்டில் கட்டம் போட்டு ஒவ்வொரு பெயருக்கும் நேராக டப்பாவின் எண்ணைக் குறித்துக்கொண்டே வந்தேன். நள்ளிரவு நெருங்கும்போது ஒரு வரியில் 1, 3, 5, 6 என்று நான்கு எண்கள் விழுந்திருந்தன. லினலூல் என்ற வாசனைப் பொருள். அதற்கு மேல்வரியில் பார்ஃபம் என்ற பெயருக்கு நேராக 3, 4, 5, 6. ஆக, ஜெல்லைத் தவிர ஐந்திலும் வாசனைப் பொருள் ஏதோ ஒரு பெயரில் இருந்தது. பார்ஃபம் என்பது ஒரு பொருளின் பெயரன்று. பத்து, இருபது, சில சமயம் அதற்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களை ஒரே சொல்லில் மூடி வைத்திருக்கும் பெயர். ஒவ்வாமை தரக்கூடியவை என்று தெரிந்த வாசனைப் பொருட்களை மட்டும், தடவி விட்டுவிடும் க்ரீம்களில் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் தனியே பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. நெடுங்காலம் 26 பெயர்களாக இருந்த அந்தப் பட்டியல் 2023இல் 80க்கும் மேலாக விரிந்தது. லினலூல், லிமோனீன், ஜெரானியால், சிட்ரோனெல்லால் என்று பட்டியலின் வாலில் வரிசையாக நிற்பவை இவைதான்.

இயற்கைக் க்ரீமில் பார்ஃபம் என்ற சொல் இல்லை. அதனால்தான் அதைக் கடைசி வரை சந்தேகிக்கவில்லை. அதற்குப் பதிலாக லாவெண்டர் எண்ணெய் இருந்தது, அந்த எண்ணெயின் முக்கிய உட்பொருட்களில் ஒன்றே லினலூல். இது காற்றுப்பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடையும்போதுதான் ஒவ்வாமை தரும் தன்மை கூடுகிறது. ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுக்கும் அகன்ற வாய் டப்பா, மாதக்கணக்கில் திறந்து மூடப்படுவது. அடிப்பகுதியை எட்டும்போது என் முகம் மோசமானதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். நான்காவது க்ரீமின் கதை இன்னும் எரிச்சலூட்டுவது. மணமற்றது என்பதும் வாசனைப் பொருள் சேர்க்காதது என்பதும் ஒன்றென்று நினைத்திருந்தேன். மூலப்பொருட்களின் இயல்பான வாடையை மறைப்பதற்காக வாசனைப் பொருளைச் சேர்த்துவிட்டு, மூக்குக்கு எதுவும் தெரியாததால் மணமற்றது என்று எழுத முடியும். நம்ப வேண்டியது மூக்கையோ முன்பக்கத்தையோ அன்று, பின்பக்கத்தை.

இரண்டு வாரம் கழித்து நோட்டைப் பார்த்த மருத்துவர் பேட்ச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சந்தேகத்துக்குரிய பொருட்களைச் சிறு வட்டங்களில் வைத்து முதுகில் ஒட்டிவிடுவார்கள். 48 மணி நேரம் முதுகில் நீர் படக் கூடாது, வியர்க்கவும் கூடாது. பிறகு எடுத்துப் பார்த்து, மீண்டும் ஓரிரு நாள் கழித்தும் பார்ப்பார்கள். அரிப்பைப் பொறுத்துக்கொண்டு குப்புறப் படுத்த அந்த இரவுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாசனைக் கலவைக்கும் ஆக்ஸிஜனேற்றம் அடைந்த லினலூலுக்கும் தோல் சிவந்து தடித்திருந்தது. பாரபெனுக்கு ஒன்றுமில்லை. அறையிலேயே சிரித்துவிட்டேன், கொஞ்சம் அழுகையும் கலந்த சிரிப்பு. நான் பயந்து ஓடியது பாரபெனிடமிருந்து, போய் விழுந்தது லாவெண்டரிடம். அமெரிக்கத் தொடுகைத் தோல் அழற்சிச் சங்கம் ஆண்டுதோறும் ஒரு பொருளை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவிக்கும். 2013இல் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதனப்பொருளை அப்படி அறிவித்தது. பாரபென் வேண்டாம் என்று பல தயாரிப்புகள் மாறிச் சென்ற பதனப்பொருட்களில் அதுவும் ஒன்று. அதே சங்கம் 2019இல் பாரபென்களை, ஒவ்வாமை தராத பொருள் என்று அறிவித்து, வீண் பயத்தைச் சுட்டிக்காட்டியது.

ஆல்கஹால் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் என் பழைய க்ரீம் குப்பைக்குப் போனதற்கு அந்தச் சொல்லும் காரணம். செட்டில், ஸ்டியரில், செட்டியரில் என்று தொடங்கும் ஆல்கஹால்கள் கொழுப்பு ஆல்கஹால்கள். மெழுகுபோலத் திடமானவை, தோலை மென்மையாக்குபவை, க்ரீமுக்குக் கெட்டித்தன்மை தருபவை. சிலருக்கு அவையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஆனால் அரிது. தோலை உலர்த்துவது வெறுமனே ஆல்கஹால் என்றோ, ஆல்கஹால் டிநாட் என்றோ எழுதப்பட்டிருக்கும் எத்தனால். என் ஹைலுரோனிக் ஜெல்லில் நீருக்கு அடுத்தபடியாக இரண்டாவது இடத்தில் அதுதான் இருந்தது. தடவியதும் வந்த குளிர்ச்சி அது ஆவியானதால் வந்தது, பின்னால் வந்த இறுக்கமும் எரிச்சலும் அதன் கைங்கரியம்தான். வாசனையே இல்லாத ஒரே டப்பாவும் ஏன் எரிந்தது என்ற புதிர் இப்படித்தான் அவிழ்ந்தது.

இனி ஒப்பிடுவது எப்படி என்பதற்கு வருகிறேன். மாய்ஸ்சரைசர் எதுவாக இருந்தாலும் மூன்று வேலைகளைச் செய்யும் பொருட்களின் கலவைதான். கிளிசரின், யூரியா, ஹைலுரோனிக் அமிலம், பாந்தினால் ஆகியவை நீரை இழுத்துப் பிடித்து வைப்பவை. ஸ்குவாலேன், கொழுப்பு ஆல்கஹால்கள், தாவர எண்ணெய்களின் ட்ரைகிளிசரைடுகள் ஆகியவை தோல் செல்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை நிரப்பி மென்மையாக்குபவை. பெட்ரோலேட்டம், மினரல் ஆயில், டைமெத்திகோன், மெழுகுகள் ஆகியவை மேலே மூடிபோட்டு, உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போகாமல் தடுப்பவை. இந்த மூன்றாவது வேலையில் பெட்ரோலேட்டத்தை மிஞ்சுவது அரிது. வறண்ட காற்றில் முதல் வகை மட்டும் இருந்தால் பயனில்லை. இழுத்துப் பிடித்த நீரும் போய்விடும். அதனால் நான் இப்போது முதல் ஆறேழு பெயர்களை எடுத்துக்கொண்டு, மூன்று வகையும் அதற்குள் வந்துவிட்டனவா என்று மட்டும் பார்க்கிறேன். எண்ணெய்ப்பசை உள்ளவர்கள் மூன்றாவது வகை குறைந்த லோஷனையும், வறண்ட தோலுள்ளவர்கள் அது மேலே நிற்கும் கெட்டிக் க்ரீமையும் தேடினால் போதும். செராமைடு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். தோலின் மேலடுக்கில் செல்களை ஒட்டவைக்கும் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள் என்பது உண்மை. ஆனால் டப்பாவில் அது பெரும்பாலும் 1 சதவீதக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் கூட இருக்கின்றனவா என்று பார்க்கலாம்; அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு மடங்கு விலை கொடுக்க எனக்கு இனி மனமில்லை. சதவீதம் கூடினால் பலன் கூடும் என்பதும் அப்படித்தான். நியாசினமைடின் நற்பலன் 2 முதல் 5 சதவீதத்திலேயே ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. தோலின் தடுப்புச்சுவரான மேலடுக்கு உடைந்திருந்த என் முகத்தில் 10 சதவீதத்தைப் பூசியது புண்ணில் உப்பைத் தேய்த்ததுபோல. யூரியாவும் 5, 10 சதவீதத்தில் ஈரம் காக்கும். 20க்கு மேல் போனால் தோலின் தடித்த பகுதியைக் கரைத்து உரிக்கும், அது பாதத்துக்கு ஆகும், முகத்துக்கு ஆகாது.

முன்பக்கச் சொற்களில் எதற்கும் நான் இப்போது காசு கொடுப்பதில்லை. ஒவ்வாமை தராது என்ற சொல்லுக்கு அமெரிக்காவில்கூடச் சட்டப்படியான அளவுகோல் கிடையாது. தயாரிப்பாளர் எந்தப் பொருளில் எழுதுகிறாரோ அதுவே பொருள். தோல் மருத்துவரால் சோதிக்கப்பட்டது என்பது, எத்தனை பேரிடம், எதைச் சோதித்தார்கள், முடிவு என்ன என்று எதையும் சொல்வதில்லை. துளைகளை அடைக்கும் பொருட்கள் என்று மதிப்பெண் போட்டுச் சுற்றும் பட்டியல்களின் வேர், முயலின் காதில் தனித்தனியாகப் பூசிப் பார்த்த பழைய சோதனைகளில் இருக்கிறது. ஒரு பொருளுக்கு அங்கே கிடைத்த மதிப்பெண், க்ரீமில் சிறிதளவாகக் கலந்து நம் முகத்துக்கு வரும்போது அப்படியே பொருந்துவதில்லை.

புதிய க்ரீமை இப்போது நேராக முகத்தில் தடவுவதில்லை. முழங்கை மடிப்பருகே நாணய அளவு இடத்தில் காலையும் மாலையும், இரண்டு வாரம் வரை அதே இடத்தில் தடவிப் பார்க்கிறேன். ஒரே நாளில் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்து முடிவு செய்வதை முன்பு செய்திருக்கிறேன். தாமதமாக வரும் ஒவ்வாமை அதில் பிடிபடாது. ஒரே நேரத்தில் இரண்டு புதிய பொருட்களைத் தொடங்குவதும் இல்லை, ஏதாவது வந்தால் எதனால் என்று தெரியாமல் போகும். முகம் பழைய நிலைக்கு வர ஆறு வாரமாயிற்று. இப்போது பயன்படுத்துவது நீர், கிளிசரின், பெட்ரோலேட்டம், செட்டியரில் ஆல்கஹால், டைமெத்திகோன் என்று தொடங்கி, வாசனைப் பொருள் எதுவும் இல்லாமல், ஒரு பாரபெனோடு முடியும் ஒரு குழாய்க் க்ரீம். நான் எறிந்த பழைய க்ரீமுக்கு ஏறக்குறையத் தம்பி முறை.

போன மாதம் அது தீர்ந்து அடுத்ததை வாங்கப் போனபோது, அதே பெயர், அதே நிறப் பெட்டியில், மூலையில் மட்டும் 'புதிய மேம்பட்ட வடிவம்' என்று ஒரு சிறு பட்டை இருந்தது. கைபேசியில் வைத்திருந்த பழைய படத்தைத் திறந்து, அலமாரியின் முன்னாலேயே நின்று ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டேன். பதினாறு வரை ஒன்றே. பதினேழாவது பார்ஃபம், பதினெட்டாவது சிட்ரோனெல்லால். பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டு, பின் வரிசையில் கையை விட்டுத் துழாவினேன். பட்டை ஒட்டாத பழைய பெட்டிகள் மூன்று இருந்தன. காலாவதித் தேதியைப் பார்த்து மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.